ஒரு முழத் தூரத்தில் நாலு முட்டை

கேமரா என்றால் ஆட்களைப் படம் எடுப்பதற்கு என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். முதல் ரோலிலேயே அந்த நினைப்பைக் கெடுத்தேன். பன்னிரண்டு படத்தில் பதினொன்று தோட்டம். செம்பருத்தி, வேலியில் தலையாட்டிக்கொண்டிருந்த ஓணான், மழைக்குப் பிறகு சேப்பங்கிழங்கு இலையில் நின்ற தண்ணீர், இப்படி. மிச்சம் ஒன்றில் மாமியார் இருந்தார், அதுவும் தலை பாதிதான். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் வீடு நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது சொல்லலாம், கேட்பதற்கு அவர் இல்லை.

அறுபதுகளின் கடைசி அது. சேலையூரில் எங்கள் காலனியில் அப்போது பாதி மனை காலியாகக் கிடந்தது. நான் பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தேன். கணவர் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா, காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்புவார். கேமரா மலாயாவில் வேலை பார்த்த என் அண்ணன் கொடுத்தது. கறுப்புப் பெட்டி, பின்னால் சிவப்புக் கண்ணாடி வைத்த ஒரு சின்ன ஓட்டை, அதில் படத்தின் நம்பர் தெரியும். அவ்வளவுதான். ஆறடிக்கு உள்ளே போனால் எல்லாமே மங்கிவிடும். பூவை எடுக்க வேண்டியவள் ஆறடி தள்ளி நின்றால் பூவா தெரியும், செடிதான் தெரியும்.

விட்டுவிடுகிற ஆள் இல்லை நான். செத்துப்போன மாமனாரின் மூக்குக் கண்ணாடி டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதில் ஒரு கண்ணாடியைக் கழற்றி, கேமராவின் கண்ணுக்கு முன்னால் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். இரண்டு ரோல் வீணானது. மூன்றாவது ரோலில் கண்டுபிடித்தேன், சரியாக ஒரு முழத்தில் படம் ஊசி முனை மாதிரி வருகிறது. பூக்காரி அளக்கிற அதே முழம். முழங்கையைக் கேமராவில் வைத்து, விரல் நுனி பூவைத் தொட்டால் சரி. கையை எடுத்துவிட்டு மூச்சை அடக்கி அமுக்க வேண்டியதுதான். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் என் தோட்டத்தை நான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொன்னால் மிகையில்லை. எருக்கம்பூவில் ஊர்கிற எறும்புக்கு இடுப்பு அத்தனை ஒல்லி என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் நானும் கணவரும் எங்காவது கிளம்புவோம். வண்டலூர்ப் பக்கத்துக் காட்டுக்குப் போவோம். பஸ் மாறி மாறிக் கேளம்பாக்கம் போய், உப்பளத்து வரப்பில் நடப்போம். டிபன் கேரியரும் குடையும் அவர் கையில், கேமரா என் கழுத்தில். தண்ணீரில் நீளக் கால் பறவைகள் வரிசையாக நிற்கும். பார்க்கப் பார்க்க அலுக்காது. ஒரு நாள் முழுக்க அந்த வரப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறோம். ஆனால் படம் கழுவி வந்தால் வெள்ளைத் தாளில் நாலைந்து புள்ளி இருக்கும், அவ்வளவுதான். இதில் எது பறவை, எது கழுவும்போது விழுந்த தூசி என்று கணவர் மெனக்கெட்டு விசாரிப்பார். வேண்டுமென்றேதான். சரி, தூரத்தில் இருப்பது என் கேமராவுக்கு இல்லை, ஒரு முழத்தில் இருப்பதுதான் எனக்கு விதித்தது என்று நானும் தேற்றிக்கொண்டேன்.

அப்படித்தான் அந்த முட்டைகள் கிடைத்தன. எங்கள் தோட்டத்து வேலிக்குப் பின்னால் காலனிப் பொதுமனை. சரளைக்கல்லும் கருவேல முள்ளுமாகக் கிடக்கும். மார்ச் மாதம், முழுப் பரீட்சை நெருங்குகிற நேரம். ஒரு சாயங்காலம் வேலியைத் தாண்டிப் போனபோது ஒரு ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. கண்ணோரம் சிவப்புச் சதை, மஞ்சள் கால். ஆள் வந்தால் ஊரையே கூப்பிடுகிற குருவி, அதனால்தான் அந்தப் பேர். ஆனால் அன்றைக்கு அது கத்திய கத்தலில் ஒரு பதற்றம் இருந்தது. அப்படியே நின்ற இடத்தில் குந்தி, காலைச் சுற்றிப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது, என் செருப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி நாலு முட்டை. கூடும் இல்லை குச்சியும் இல்லை, வெறும் கல்லுக்கு நடுவில் ஒரு பள்ளம். மண் நிறம், மேலே கறுப்புப் புள்ளி. கல்லோடு கல்லாகக் கிடந்தன. இன்னும் ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் மிதித்திருப்பேன். மிதிக்காமல் கண்டுபிடித்துவிட்டேன் என்று வீடு வரை சிரித்துக்கொண்டே போனேன்.

அந்த மகிழ்ச்சி மறுநாள் வரைதான். பொதுமனையைப் பிள்ளைகள் விளையாடும் மைதானமாக்கக் காலனிச் சங்கம் தீர்மானம் போட்டிருந்தது எனக்கும் தெரியும். பஞ்சாயத்து ரோடு ரோலர் அடுத்த புதன்கிழமை வருகிறது என்பதுதான் தெரியாது. பரீட்சை முடிவதற்குள் மைதானம் தயாராக வேண்டும் என்று அவசரம். ரோலர் ஏறினால் முட்டை என்னாகும்?

சங்கத்துச் செயலாளர் கோட்டையில் செக்‌ஷன் ஆபீசர். கெட்டவர் இல்லை. தெருவில் பந்து விளையாடிய ஒரு பையன் பஸ்ஸுக்கடியில் போகப் பார்த்ததிலிருந்து மைதானத்துக்காக நாயாய் அலைந்தவர் அவர்தான். ஆனால் வீட்டில் தோசை கேட்பதற்குக்கூட மனு எழுதச் சொல்வார் என்று அவர் மனைவியே எங்களிடம் சொல்லியிருக்கிறார். நான் போய்க் குஞ்சு பொரிக்கும்வரை ரோலரை நிறுத்துங்கள் என்றேன். ரோலர் இந்தத் தடவை போனால் அடுத்த முறை ஏப்ரல் கடைசியில்தான் என்றார். நான் விடவில்லை. கடைசியில், மனு எழுதி, முட்டை இருப்பதற்கு அத்தாட்சி இணைத்துக் கொடுத்தால் சனிக்கிழமை கமிட்டியில் வைக்கிறேன் என்றார்.

நேரில் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். செயலாளர் வந்தால் கமிட்டி வரும், கமிட்டி வந்தால் காலனிப் பிள்ளைகள் நாற்பது பேரும் பின்னால் வருவார்கள். அப்புறம் ரோலரே தேவையில்லை. அதனால் படம்தான் என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை காலை பள்ளிக்குப் போகுமுன் போய், ரோலில் மிச்சமிருந்த இரண்டு படத்தையும் எடுத்தேன். முழங்கையை ஊன்றி, அளந்து, அமுக்கி, இரண்டே நிமிஷத்தில் திரும்பிவிட்டேன். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோ. அந்த ஸ்டூடியோக்காரர் கல்யாணப் படத்துக்குப் பேர் போனவர். பெண் பார்க்க அனுப்புகிற படம் என்றால் பல்லாவரத்திலிருந்துகூட அவரிடம் வருவார்கள். சனிக்கிழமை கணவர் ரயில் இறங்கும்போது படத்தை வாங்கி வந்தார். உறையைப் பிரித்தேன். இரண்டு படத்திலும் நாலு முட்டையும் பளிச்சென்று வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒரு புள்ளி இல்லை. சுற்றிலும் கல்லெல்லாம் கறுத்து, நடுவில் முட்டை மட்டும் தனியாகத் தெரிந்தது. தட்டில் வைத்த கோழி முட்டை மாதிரி.

எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே தாம்பரத்துக்கு நடந்தே போயிருப்பேன். கமிட்டிக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. கணவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதையே கொடு, முட்டைதான் நன்றாகத் தெரிகிறதே, எவன் போய்ப் புள்ளியை எண்ணப்போகிறான் என்றார். அது பொய்யான படம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். முட்டை தப்பினால் போதும் என்று மனசு சொன்னதைக் கேட்டேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

கமிட்டி என்பது செயலாளர் வீட்டு முன்னறையில் ஆறு பேர். படம் கை மாறிப் போனது. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். செயலாளர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். படத்தை மனுவின் மேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

“டீச்சர், இது கோழி முட்டை. கோழி முட்டைக்கெல்லாம் ரோலரைத் திருப்பி அனுப்ப முடியாதுங்க.”

நானே கோழி முட்டையைக் கொண்டுபோய் வைத்துப் படம் எடுத்தேன் என்று அவர்கள் நினைத்தது முகத்தில் எழுதியிருந்தது. காது இரண்டும் எரிந்தது. திங்கட்கிழமை வரை தவணை கொடுங்கள், உண்மையான படம் கொண்டு வருகிறேன் என்று கேட்டு வாங்கினேன். சரி, திங்கட்கிழமை ஆறு மணி, அதற்கு மேல் கிடையாது என்றார்.

மறுநாள் ஆராதனையில் என்ன பிரசங்கம் செய்தார்கள் என்று தெரியாது. முடிந்ததும் புது ரோல் வாங்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். பாதிக் கதவுதான் திறந்திருந்தது. அவர் ஜன்னலோரம் சாய்ந்த பலகையில் யாரோ ஒரு பெண்ணின் நெகட்டிவை வைத்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் தொட்டுக்கொண்டிருந்தார். டச்சிங் என்று அதற்குப் பேர். பரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்கடியில் கறுப்பு எல்லாம் அந்தப் பென்சிலில் போய்விடும். முட்டைப் படத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. பாராட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

“அம்மை வார்த்த மாதிரி ஒரே புள்ளியா இருந்துச்சு டீச்சரம்மா. அரை நாளு குந்திக்கினு எடுத்தேன். இப்ப பாருங்க, எவ்ளோ அழகா கீது.”

பின்னணி மங்கலாக இருந்ததால் கத்தியால் சுரண்டிக் கல்லையும் கறுப்பாக்கினாராம். பென்சிலாவது துடைத்தால் போகும், கத்தி போட்டது போனதுதான். அவரைத் திட்டத்தான் போனேன். அரை நாள் என்றதும் வாய் வரவில்லை. அவர் அறிந்தவரை புள்ளி என்றால் குறை. ஒரு முகத்துக்கு என்ன செய்வாரோ அதைத்தான் என் முட்டைக்கும் செய்திருக்கிறார். சாயங்காலம் ஒரு ரோல் கொண்டுவருகிறேன், அதன்மேல் பென்சில் பட்டால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பொதுமனைக்குப் போகும்போது மணி பதினொன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆள்காட்டி கத்திக்கொண்டே எழுந்து போனது. முள் இல்லாத பக்கமாகக் குந்தினேன். மறுபக்கம் கருவேலம் அடர்ந்து கிடந்தது, அங்கே கால் வைக்க முடியாது. முழம் அளந்தேன். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் முட்டையும் கல்லும் ஒன்றாகவே தெரிந்தன. மறுபடி அந்த ஆறு பேர் சிரிக்கக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு. குனிந்து, படுத்து, எழுந்து, மறுபடி அளந்து, ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். நடுவில் குருவி எங்கோ போய், வயிற்றுச் சிறகெல்லாம் நனைந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து பத்தடி தள்ளி நின்றது. அட, குளித்துவிட்டு வந்திருக்கிறாயா என்று சந்தோஷமாக அதையும் ஒரு படம் எடுத்தேன். அது போய்விட்டு மறுபடி நனைந்து வந்தது. நான் நகரவில்லை. ரோல் தீர்ந்து எழுந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஸ்டூடியோக்காரர் இந்தத் தடவை கை வைக்கவில்லை. மனசு கேட்காமல், என் கடைப் பேரைச் சொல்லிக் காட்டாதீங்க என்று கேட்டுக்கொண்டார். பன்னிரண்டில் தெளிவாக வந்த ஒன்றைப் பெரிதாகப் போட்டு வாங்கி, திங்கட்கிழமை ஆறு மணிக்கு முன்னறையில் நின்றேன். ஆறு பேரும் பார்த்தார்கள். கல் மட்டும்தான் இருக்கிறது என்றார்கள். செயலாளர் விளக்கைப் போட்டார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார், பென்சில் நுனியை மேலே ஓட்டி ஓட்டித் தேடினார். கடைசியில் இதுதானே என்று தொட்டார். அது கல். இது என்றார். அதுவும் கல். சுவர்க் கடிகாரம் என் எதிரில் இருந்தது, பத்து நிமிஷம் தேடியிருப்பார். அப்போதுதான் கேட்டேன்:

“விளக்கு போட்டு, கண்ணாடி போட்டு, நாற்காலியில உட்கார்ந்து பத்து நிமிஷம் தேடியும் உங்களுக்குத் தெரியல சார். ரோலர் மேல உட்கார்ந்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?”

பிறகு நான் விரலால் நாலையும் தொட்டுக் காட்டினேன். ஒன்றைப் பார்த்துவிட்டால் மற்றதும் தெரிந்துவிடும். செயலாளர் தலையை உயர்த்தாமலேயே மனுவின் ஓரத்தில் எழுதினார். ரோலர் ஏப்ரல் கடைசிக்குப் போனது. அந்த ஒரு மாதமும் காலனிப் பிள்ளைகள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, வகுப்பில்கூட அப்படி யாரும் முறைத்ததில்லை.

அதற்குப் பிறகு நான் கிட்டப் போகவில்லை. தோட்டத்தில் நின்று வேலி வழியாகத்தான் பார்ப்பேன். பரீட்சை விடைத்தாளைக்கூட அங்கே நாற்காலி போட்டுத் திருத்தினேன். அப்போதுதான் கவனித்தேன். உச்சி வெயில் ஏற ஏறக் குருவி எழுந்து பக்கத்துக் குட்டைக்குப் போகும், வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடி வந்து முட்டையின்மேல் உட்காரும். காய்ந்ததும் மறுபடி போகும். விளையாட்டுக் குளியல் இல்லை அது, முட்டை வெந்துவிடாமல் காக்கிற வேலை. விடைத்தாள் மடியிலிருந்து சரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை அது தண்ணீரோடு வந்து என் எதிரில் நின்றது. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் நடுவில் ஒரு காலை, சரளையில் பஞ்சுப் பொட்டலம் மாதிரி குஞ்சுகள் ஓடின. எண்ணினேன். மூன்று. மறுநாளும் மூன்றுதான். மூன்றாம் நாள் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் போனபின் போய்ப் பார்த்தேன். பள்ளத்தில் ஒரு முட்டை கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா நாட்டுக்கோழி வளர்ப்பவர், அவரிடம் கொண்டுபோனேன். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். தண்ணீராய் ஆடுது, கூழ்முட்டை, வெயிலில் காய்ந்திருக்கும் என்றார். ஆரம்பத்திலிருந்தே அப்படி இருந்திருக்கலாம் என்று கணவர் சமாதானம் சொன்னார். கமிட்டிக்குக் கொடுத்த படத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் என் தலையின் நிழல் விழுந்திருந்தது. மூன்று முட்டை அந்த நிழலுக்குள். நாலாவது வெயிலில். முக்கால்வாசி நேரம் நான் குந்தியிருந்தது அதே பக்கம்தான். கணவரிடம் படத்தைக் கொடுத்தேன். அவர் நிழலின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

ரோலர் வந்து போய், மே முதல் வாரத்தில் மைதானம் திறந்தார்கள். காலனியே கூடியிருந்தது. செயலாளர் தாளில் எழுதி வந்து வாசித்தார். பஞ்சாயத்துக்கு நன்றி, உறுப்பினர்களுக்கு நன்றி, பிறகு, நம் டீச்சரின் விடாமுயற்சியால் நாலு உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மாதமாக முறைத்த பிள்ளைகளும் கைதட்டினார்கள். கணவர் என் முழங்கையை மெல்லப் பிடித்தார், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு தடவை பொய்ப் படம் கொடுத்தது போதும் என்று எழுந்தேன்.

“மூணுதான் சார். நாலாவது முட்டை, படம் எடுக்கிறேன்னு நான் வெயில்ல காயவிட்டுக் கெடுத்தது.”

கைதட்டல் அங்கங்கே நின்றது. நான் உட்காரவில்லை. செயலாளர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கையிலிருந்த தாளில் நாலை அடித்து மூன்று என்று எழுதினார். கோட்டையில் செய்கிற மாதிரியே பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். அந்த வரியை முதலிலிருந்து மறுபடி வாசித்தார். நம் டீச்சரின் விடாமுயற்சியால் மூன்று உயிர்கள் என்று அவர் வாசித்தபோது, அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் நின்றபடியே அழுதேன்.